சேற்றில் கிடந்த சாட்சி

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள். இதைச் சத்தமாகச் சொல்ல எனக்கு வராது. ஐம்பத்து மூன்று வருஷம் தொண்டைக்குழியில் கிடந்த சங்கதி, இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை, மெதுவாகத்தான் வரும். போன டிசம்பர் மாசம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கர்னல் நவமணி சாருடைய பேரை வைக்கிற விழா. பத்து மணிக்கு என்று போட்டிருந்தார்கள், சீஃப் கெஸ்ட் வந்து இறங்கும்போது பதினொன்றே முக்கால். அந்த ஒண்ணே முக்கால் மணி நேரமும் நான் பந்தலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நாற்காலியின் ஒரு கால் மணலுக்குள் இறங்கிக்கொண்டே போனது. நான் நிமிர்ந்து உட்கார்வேன், அது இன்னொரு விரற்கடை இறங்கும். கையில் நிகழ்ச்சி நிரல். ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனாலும் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவேன். கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, அப்புறம் விருது வாசகம், அதற்குக் கீழே, 'போர்க்களத்தில் நேரில் கண்டவர்: முன்னாள் நாயக் ஏகாம்பரம், நான்கு நிமிடம்.' நேரில் கண்டவர். அந்த இடத்திலேயே விரலை வைத்து வைத்து எடுத்தேன். எழுபத்தொண்ணு சண்டையில், கிழக்கே ஒரு நெல் வயலில், அப்போது கேப்டனாக இருந்த நவமணி சார் தன்னந்தனியாகத் தவழ்ந்துபோய் மெஷின்கன் பங்கருக்குள் கிரனேடு போட்டு அதை அடக்கினார் என்று அவருக்கு வீர் சக்ரா கொடுத்தார்கள். அதைக் கண்ணால் பார்த்தேன் என்று சாட்சி சொன்னவன் நான். நான் பார்க்கவில்லை. அந்த நேரம் என் மூஞ்சி சேற்றுக்குள் இருந்தது. இந்த ஒரு வரியை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை, பெண்டாட்டியிடம்கூட. அன்றைக்கு மைக்கில் நான்கு நிமிடம், எழுநூறு பிள்ளைகளுக்கு முன்னால். மறுபடியும் பார்த்தேன் என்று சொல்லணும், இல்லையென்றால், இல்லையென்றால் என்பதற்கு அப்புறம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மூத்திரம் வருகிற மாதிரி இருந்தது, எழுந்து போனால் வரவில்லை, திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடியும் முட்டியது.

காலையில் ஆறு மணிக்கே அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பட்டாளத்தில் பதினோரு வருஷம் நான் அவருக்கு ஆர்டர்லி. ரெண்டு பேருமே வெளியே வந்து குடியாத்தம் ரோட்டில் அடுத்தடுத்த தெருவில் குடியிருக்கிறோம், அவருக்கு எண்பத்திரண்டு, எனக்கு எழுபத்து மூன்று. விழா என்றால் மெடலைத் துடைப்பதும் குத்துவதும் என் வேலை. வெள்ளி மெடலுக்கு விபூதியை விட்டால் வேறே மருந்து கிடையாது, துணியில் தொட்டு வட்டமாகத் தேய்க்கணும், ரிப்பன் மேலே படாமல், அந்த நீலமும் காவியும் மங்கிப்போகாமல். "ஏண்டா, சர்ச்சுக்குப் போறவன் மெடலுக்கு இப்படிப் பட்டை போடறியே, பாஸ்டர் பார்த்தா என்னா நினைப்பாரு" என்றார். வருஷா வருஷம் சொல்கிற கிண்டல்தான். நான் வருஷா வருஷம் சிரிப்பேன், அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. காது கேட்கிற மிஷினையும் நானே மாட்டிவிட்டேன். கோட்டு அவருக்குப் பெரிசாகிப் போயிருந்தது. ஊசியைக் குத்தும்போது என் கை ஆடியது. "கை நடுக்கம் எனக்குத்தான்னு டாக்டர் சொன்னான், உனக்கும் தொத்திக்கிச்சா?" "குளிருக்கு சார்." "குடியாத்தத்துல குளிராம்! சியாச்சின்ல நின்ன மாதிரி பேசறான்." அப்புறம் கண்ணாடியைப் பார்த்தபடியே, "உன்னையும் பேசச் சொல்லியிருக்காங்களாமே" என்றார். "நான் என்னாத்த சார் பேசறது. வேணாம்னு சொல்லிடுங்க சார்." "ஏன், பார்த்ததைச் சொல்லு." அவ்வளவுதான் சொன்னார். அந்த மூன்று சொல்லை நான் பந்தலில் உட்கார்ந்து எத்தனை தரம் திருப்பிப் போட்டேன் தெரியுமா. பட்டாளத்தில் என் பேரே 'காது'. இருட்டில் வருகிறவன் யாரென்று பூட்ஸ் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். இவர் டீ டம்ளரைக் கீழே வைக்கிற சத்தத்தில் அன்றைக்கு லீவு கேட்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் காலைப் பேச்சு மட்டும் பிடி கொடுக்கவில்லை. 'பார்த்ததை' என்பதில் ஒரு அழுத்தம் இருந்ததா? சும்மா சொன்னாரா? ஒருவேளை அவருக்குத் தெரியுமோ? ஐம்பத்து மூன்று வருஷத்தில் ஒருநாள்கூட, நீ என்னடா பார்த்தே என்று அவர் என்னைக் கேட்டதில்லை. மெஸ்ஸில் யாராவது அந்தச் சண்டையைப் பற்றிக் கேட்டால், "அதோ நிக்கிறான் பாருங்க, அவனைக் கேளுங்க, அவன்தான் சாட்சி" என்று என் பக்கம் தள்ளிவிடுவார். நான் ட்ரேயோடு நின்று சிரிப்பேன். அது தமாஷா, குத்தலா? இது தெரியாமலே நான் அந்த மனுஷனுக்கு முகம் மழித்துவிட்டிருக்கிறேன், கழுத்துக்குழியில் கத்தி வைத்து.

மைதானத்தில் பி.டி. மாஸ்டர் பிள்ளைகளுக்குக் கைதட்டப் பழக்கிக்கொண்டிருந்தார். "நான் கையைத் தூக்கினா தட்டணும், இறக்கினா நிறுத்தணும். ஒருத்தன் சத்தம் தனியா வந்துச்சு, முட்டி போட வச்சிடுவேன்." கை தூக்கினார். தடதடதட. இறக்கினார். நின்றது. தடதடதட. நின்றது. என் முதுகு தானாகவே குனிந்தது. பக்கத்தில் இருந்த ரிடையர்டு வாத்தியார், "இன்னா ஏகாம்பரம், வாயுவா?" என்றார். வாயுதான் என்றேன். அந்த மெஷின்கன்னும் இப்படித்தான், ஒரு கை தூக்கி இறக்குகிற மாதிரிதான் அடிக்கும். அடித்துவிட்டு நிற்கிற அந்த இடைவெளிதான் பொல்லாதது, அதில்தான் அடுத்தது எங்கே என்று தேடுவான். வரப்புக்குப் பின்னால் மூன்று பேர் கிடந்தோம். ஒரு பக்கம் கேப்டன் சார், ஒரு பக்கம் அவில்தார் முனிரத்தினம் அண்ணன், நடுவில் நான், இருபது வயசு. மற்றவர்கள் எல்லாம் பின்னால் ஓடைக்கரையில். முதல் அடியில் என் தலைக்கு மேல் வரப்பு மண் பிய்த்துக்கொண்டு போனது, நான் கவிழ்ந்தேன், கவிழ்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அறுவடை முடிந்த வயல், டிசம்பர் மாசத்துக் குளிர்ந்த சேறு, மூக்கு வரைக்கும். நான் பார்த்தது என்ன என்று யாராவது ஒழுங்காகக் கேட்டிருந்தால் அச்சுப் பிசகாமல் சொல்வேன். வலது கண்ணுக்கு அரை விரல் தூரத்தில் ஒரு நெல்தாள், அதில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு நத்தை, அது ஏறிக்கொண்டிருந்தது. மெஷின்கன் அடிக்கும்போது நிற்கும், நின்றதும் ஏறும். அந்தச் சண்டையில் நான் பார்த்தது அந்த நத்தைதான். ஆனால் கேட்டது? கேப்டன் சாருக்கு மூச்சு விடும்போது மூக்கில் விசில் மாதிரி ஒரு சின்னச் சத்தம் வரும். முனிரத்தினம் அண்ணன் எப்போதும் கொட்டைப்பாக்கு ஒன்றைக் கடைவாயில் ஒதுக்கியிருப்பார், அது பல்லில் பட்டு டக் டக் என்னும். இந்த ரெண்டு சத்தத்துக்கு நடுவில்தான் கிடந்தேன். அப்புறம் சளக் சளக் என்று தண்ணீரில் யாரோ போகிற சத்தம். தடதடதட. ஏதோ ஈரமாக விழுகிற சத்தம். அப்புறம் ஒரே ஒரு வெடி. ஒன்றே ஒன்று. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. போனது யார்? அதுதான் தெரியவில்லை. காது என்று பேர் வாங்கியவனுக்குத் தெரியவில்லை. ஏனென்றால் ஒரு காது சேற்றுக்குள் இருந்தது. நீங்கள் வேண்டுமானால் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பாருங்கள். சத்தம் கேட்கும், எந்தப் பக்கம் என்று தெரியாது. நான் தலை தூக்கிப் பார்த்தபோது எவ்வளவு நேரம் ஆகியிருந்ததோ, நத்தை தாளின் உச்சிக்குப் போயிருந்தது. பங்கரில் புகை. அதன் வாசலில் கேப்டன் சார் உட்கார்ந்திருந்தார், வலது கை தோளிலிருந்து தொங்கியது. பத்தடி இந்தப் பக்கம் முனிரத்தினம் அண்ணன் குப்புறக் கிடந்தார்.

பத்து நாள் கழித்து ஒரு கூடாரத்துக்குள் கூப்பிட்டார்கள். ஒரு அதிகாரியும் சுபேதாரும், ஒரு டைப்ரைட்டரும். கேப்டன் சார் ஆஸ்பத்திரியில் கிடந்தார், அவருக்கு மயக்கமே தெளியவில்லை என்றார்கள். விருதுக்கு எழுதி அனுப்ப ஒரு சாட்சி வேண்டும், கண்ணால் பார்த்தவன் வேண்டும், மிச்சம் இருக்கிறவன் நீதான் என்றார்கள். "கேப்டன் சாப் போய் கிரனேடு போட்டதைப் பார்த்தாயா?" என்று சுபேதார் கேட்டார். பார்க்கவில்லை என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்போதுதான் அடுத்த கேள்வி எனக்குக் கேட்டது, அவர் கேட்காமலே கேட்டது. அப்படியென்றால் நீ எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய்? உன் ரைபிள் எங்கே இருந்தது? எத்தனை ரவுண்டு சுட்டாய்? ஒன்றும் சுடவில்லை. ரைபிள் என் வயிற்றுக்கு அடியில் இருந்தது. "பார்த்தேன் சாப்" என்றேன். "கண்ணாலே?" "கண்ணாலே சாப்." டக டக டக என்று டைப்ரைட்டர் அடித்தது. கேப்டன் சாரை உயர்த்துவதற்காகச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள், என் தோலைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னேன். அதற்குப் போய் அடுத்த வருஷமே என்னை லான்ஸ் நாயக் ஆக்கினார்கள். அந்த விருது வாசகத்தை வருஷா வருஷம் எங்கேயாவது வாசிப்பார்கள், இங்கிலீஷில், இந்தியில், தமிழில். எனக்கு மூன்று பாஷையிலும் மனப்பாடம். கேட்டுக் கேட்டு என்ன ஆயிற்று என்றால், இப்போது கண்ணை மூடினால் கேப்டன் சார் தவழ்ந்து போவது எனக்குத் தெரிகிறது. முழங்கையில் சேறு, பல்லால் கிரனேடு வளையத்தை இழுப்பது, எல்லாம். வளையத்தைப் பல்லால் இழுக்கவே முடியாது, பல்தான் வரும், எங்களுக்கு டிரெய்னிங்கில் முதல்நாளே சொல்லிக்கொடுத்தது. ஆனாலும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது. பார்க்காததுதான் தெளிவாகத் தெரிகிறது. நத்தை மங்கிக்கொண்டே போகிறது.

அதோடு போயிருந்தால்கூட எப்படியோ நான்கு நிமிடம் ஒப்பித்துவிட்டு இறங்கியிருப்பேன். எனக்கு நேர் முன்வரிசையில் பவுனம்மா அண்ணி உட்கார்ந்திருந்தார்கள். முனிரத்தினம் அண்ணனின் சம்சாரம். அண்ணனுக்கு விருது ஒன்றும் இல்லை, கிழக்கே சண்டைக்குப் போன எல்லாருக்கும் கொடுத்த மெடல்தான் தபாலில் வந்தது. அதைப் புடவையில் வலது பக்கம் குத்தியிருந்தார்கள். பந்தல் வாசலில் என்.சி.சி. மாஸ்டர் ஒருத்தர், "பாட்டி, மெடல் பக்கம் மாறிப் போச்சு, இந்தப் பக்கம் குத்தணும்" என்று கையைக் கொண்டுபோக, "கையை எடுப்பா. உசுரோட கீறவன் இடது பக்கம் குத்துவான், செத்தவனுத அவன் வீட்டுக்காரங்க வலது பக்கம் குத்துவாங்க. இதுகூட தெரியாம உனக்கெல்லாம் எதுக்குத் தொப்பி" என்று ஒரு போடு போட்டார்கள். அப்படிப்பட்ட மனுஷி. ஆண்டுக்கு ஒருமுறையாவது என்னைப் பிடித்துவிடுவார்கள். "தம்பி, நீதானே பாத்தே. அவரு கடைசியா என்னா பண்ணாரு, சொல்லு." நான் என்னத்தைச் சொல்ல. முதல் தரம், துப்பாக்கியை நீட்டினபடியே விழுந்தார் அண்ணி என்றேன். இன்னொரு வருஷம், கேப்டனுக்குக் கவர் கொடுத்தார் என்றேன். போன வருஷம் ஏதோ சொல்லப்போக, "போன வாட்டி சொன்னப்ப துப்பாக்கி வலது கைலன்னே, இப்ப இடதுங்கற" என்று மடக்கிவிட்டார்கள். அண்ணி குரலை இறக்கி, "ஒண்ணும் பண்ணாம, பயந்துகினு செத்தாருன்னாலும் சொல்லிடு தம்பி. அதுக்காவ நான் அவரை வுட்டுடப் போறதில்ல. மெடலு கிடலு எனக்கு வேணாம், இன்னான்னு தெரிஞ்சா போதும்" என்றார்கள். பயந்து கிடந்தவன் வேறே ஆள் அண்ணி. அதைச் சொன்னால், அப்புறம் பங்கரை அடக்கினது யார் என்று அண்ணி கேட்பார்கள். சளக் சளக் என்று போனது முனிரத்தினம் அண்ணனாக இருந்தால்? போட்டுவிட்டுத் திரும்பும்போது விழுந்திருந்தால்? அந்த வீர் சக்ரா ஐம்பத்து மூன்று வருஷமாக வேறே ஒரு நெஞ்சில் இருந்திருக்கிறது, நான்தான் வருஷா வருஷம் விபூதி போட்டுத் துடைத்துக் குத்தியிருக்கிறேன். அப்படி இல்லாமல் கேப்டன் சாரேதான் போனார் என்றால்? எண்பத்திரண்டு வயசில், அவர் பேர் எழுதின வளைவுக்கு அடியிலேயே, அவர் மேல் சேற்றை வாரிப் போட்டவன் ஆவேன். கிழவி ஒரு பக்கம், கிழவர் ஒரு பக்கம், நடுவில் மறுபடியும் நான். தடதடதட. மாஸ்டர் கையை இறக்கினார்.

சீஃப் கெஸ்ட் வந்தார், மாலை போட்டார்கள், ஜரிகைத் துணி போர்த்தினார்கள், மல்லிகேஸ்வரி டீச்சர் மைக்கைப் பிடித்து விருது வாசகம் படித்தார். நல்ல குரல். 'தன்னுயிரைத் துச்சமென மதித்து, தனியொருவராய்' என்கிற இடத்தில் குரலை உயர்த்தினார், பி.டி. மாஸ்டர் கையைத் தூக்கினார். மேடையில் கர்னல் சார் நெட்டுக்குத்தாக உட்கார்ந்திருந்தார், முகத்தில் ஒன்றும் இல்லை. விருது வாசகம் படிக்கும்போது அவர் எப்போதும் அப்படித்தான், வேறே யாருடைய கதையையோ கேட்கிறவர் மாதிரி. இதை நான் எத்தனை தரம் பார்த்திருக்கிறேன், அதற்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, உறைத்ததும் என் பேரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். மணலில் இறங்கியிருந்த நாற்காலி என்னோடு சேர்ந்து எழுந்து பின்னால் விழுந்தது. மேடைக்கு ஐந்து படி. மைக் என் வாய்க்கு மேலே இருந்தது, டீச்சர் இறக்கிவிட்டார். என் மூச்சு எனக்கே ஒலிபெருக்கியில் கேட்டது. கீழே பவுனம்மா அண்ணி கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தேன் என்று ஆரம்பிக்கத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. "நான் பாக்கல" என்று வந்தது. சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. "பாத்தேன்னு எழுதிக் குடுத்தேன். பாக்கல. பயத்துல என் மூஞ்சி சேத்துக்குள்ள இருந்துது. யார் போனாங்கன்னு எனக்குத் தெரியாது." அவ்வளவுதான் சொல்ல முடிந்தது, அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. பி.டி. மாஸ்டருக்குக் கையைத் தூக்குவதா இறக்குவதா தெரியவில்லை. சீஃப் கெஸ்ட் போனைப் பார்த்தார். அண்ணி எழுந்து நின்றுவிட்டார்கள்.

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. கர்னல் சார் தடி இல்லாமல் நடந்து வந்தார். என் தோளில் கையை வைத்தார், ஊன்றிக்கொள்ளவா, தட்டிக்கொடுக்கவா, அந்தக் கனத்தில் சொல்ல முடியாது. மைக்கை என்னிடமிருந்து தன் பக்கம் திருப்பினார். "இவன் எப்படிப் பார்ப்பான்?" என்றார். "தலையைத் தூக்கக்கூடாதுன்னு இவனுக்கு ஆர்டர் போட்டதே நான். நான் கூப்பிடற வரைக்கும் மூஞ்சியைச் சேத்துல வைன்னு சொன்னேன், வச்சான். ஆர்டருக்குக் கீழ்ப்படிஞ்சவனைப் பயந்தவன்னு எந்தப் பட்டாளத்துலயும் சொல்ல மாட்டாங்க." எனக்கு அப்படி ஒரு ஆர்டர் கேட்கவே இல்லை. சேற்றுக்கு வெளியே இருந்த ஒரு காது நல்ல காது. அவர் அதோடு நிறுத்தவில்லை. முன்வரிசையைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், அண்ணியின் வலது பக்கத்தைப் பார்த்தார். "இன்னொண்ணு. இந்தப் பேப்பர்ல தனியொருவராய்னு போட்டிருக்கு, அது தப்பு. நானும் முனிரத்தினமும் சேர்ந்துதான் போனோம். அவன் எனக்கு முன்னாடி போனான். ஆளுக்கு ஒரு கிரனேடு வீசினோம். எது உள்ள விழுந்துதுன்னு எனக்கும் தெரியாது, அவனைக் கேக்கவும் வழியில்ல. மெடல் குடுக்கறவங்க உசுரோட இருந்தவனுக்குக் குடுத்தாங்க. அவ்வளவுதான். வளைவுல அவன் பேரையும் சேர்த்து எழுதுங்க, இல்லைன்னா என் பேரை அழிச்சிடுங்க." பிள்ளைகள் தட்ட ஆரம்பித்தார்கள், மாஸ்டர் கை தூக்காமலே, ஒழுங்கில்லாமல், ஒவ்வொருத்தன் சத்தமும் தனித்தனியாக. அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "முன்னாடி போனாரா, முன்னாடி போனாரா" என்று பக்கத்து நாற்காலிக்காரியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கோ உள்ளுக்குள் ஒன்று குடைந்தது. ரெண்டு கிரனேடு என்றால் ரெண்டு வெடி கேட்டிருக்கணும். நான் கேட்டது ஒன்றுதான். அந்த இரைச்சலுக்கு நடுவில் அவர் பக்கமாகச் சாய்ந்து, "சார், ஒரு வெடிதானே சார் கேட்டுது? ஆர்டர் எப்ப சார் போட்டீங்க?" என்றேன். அதே நேரம் அந்தப் பக்கம் டீச்சரும், "ஐயா, இத்தனை வருஷமா இதை ஏன்..." என்று ஆரம்பித்தார். கர்னல் சார் டீச்சரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொஞ்ச நேரம் அதிகமாகவே பார்த்தார். அப்புறம் இடது கையைக் காதுக்குக் கொண்டுபோய், பட்டாணி அளவு இருந்த அந்தக் காது மிஷினை நிதானமாகக் கழற்றி, ஊதி, சட்டைப்பையில் போட்டு, பட்டனை மாட்டிக்கொண்டார்.